குழாய்மேல் உட்கார்ந்தவர்

தொட்டிக்காரன் என்ற பெயரை அவள் முதன்முதலில் கேட்டது வசவாகத்தான். அவளுடைய அண்ணன் கீழ்த்தெருத் தீயணைப்புக் கம்பெனியில் தோல்குழாய் பிடிக்கிறவன். தோளில் பல் பதிந்த காயத்தோடு வீட்டுக்கு வந்து, "அந்தத் தொட்டிக்காரன் மட்டும் என் கையில கிடைச்சான்னா..." என்று கறுவினான்.

காயத்துக்கு மருந்து வைத்துக்கொண்டே தங்கை சொன்னாள்: "கிடைச்சதுனாலதானே கடிச்சிருக்கான்?"

அந்தக் காலத்தில் நகரத்துக்கென்று தீயணைப்புப் படை கிடையாது. கீழ்த்தெருவுக்கு ஒரு கம்பெனி, மேல்தெருவுக்கு ஒரு கம்பெனி. இரண்டிலும் சம்பளமில்லாமல் ஓடிவருகிறவர்கள்தான். யாருடைய தண்ணீர் முதலில் நெருப்பில் விழுகிறதோ அவர்களுக்கே பேர். ஆனால் தோல்குழாயை மாட்டத் தெருவுக்கு ஒரு தண்ணீர்க் குழாய்தான், அதுவும் முழங்கால் உயரம். அதனால் மணி அடித்ததும் மேல்தெருக்காரர்கள் வண்டிக்கு முன்னால் ஓர் ஆளை மரத்தொட்டியோடு ஓடவிடுவார்கள். அவன் தொட்டியைக் குழாய்மேல் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வான். சொந்த வண்டி வரும்வரை எழுந்திருக்கக் கூடாது. அதுவரை வீடு எரியுமே என்றால், எரியும். அதை வீட்டுக்காரன்தான் கேட்பான்.

தொட்டிக்காரருக்குத் தொழில் பீப்பாய் செய்வது. உரல் மாதிரி உடம்பு. உட்கார்ந்தால் நாலு பேர் சேர்ந்தும் அசைக்க முடியாது. ஒழுகுகிற துணி துவைக்கும் தொட்டியைப் பழுதுபார்க்க அவர் பட்டறைக்குப் போன தங்கை, தொட்டி சரியான பிறகும் போய்க்கொண்டிருந்தாள். கல்யாணத்தில் முடிந்தது. கல்யாணத்தன்றும் மணி அடித்தது. மாப்பிள்ளை தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு பக்கம் ஓட, மச்சான் தோல்குழாயோடு இன்னொரு பக்கம் ஓட, மிச்சமிருந்தது மணப்பெண்ணும் ஆறிப்போன சாப்பாடும்தான்.

அன்று குழாயடியில் மச்சானுடைய புதுக் கோட்டு கிழிந்தது. அதிலிருந்து வீட்டுக்குள் இருவருக்கும் பேச்சு இல்லை. ஒரே மேஜையில் உட்கார்ந்துகொண்டு, "உங்கண்ணனை உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்பார் இவர். "உன் வீட்டுக்காரருக்குக் கையில்லையான்னு கேளு" என்பான் அவன். நடுவில் அவள் இரண்டு பக்கமும் கொட்டு வாங்கும் மத்தளம். இருவரும் முகத்துக்கு நேராக ஒரு நல்ல வார்த்தை பேசிக்கொண்டால் போதும் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே ஆசை.

ஒருநாள் காலை அவள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கப் போனாள். திரும்பி வருவதற்குள் ஜன்னல் திரை தீப்பிடித்துக்கொண்டது. குழந்தையோடு தெருவுக்கு ஓடிவந்தாள். மணி அடித்தது. பட்டறையிலிருந்து தொட்டிக்காரர் வேறு வழியாக ஓடிவந்து, திருப்பத்திலிருந்த குழாயில் தொட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் புகைதான் தெரியும், வீடு தெரியாது.

முதலில் வந்தது கீழ்த்தெரு வண்டி.

"எந்திரிய்யா! எரியறது உன் வீடு!" என்று கத்தினான் மச்சான்.

தொட்டிக்காரர் சிரித்தார். "போன தடவை எங்கம்மா மயங்கி விழுந்துட்டாங்கன்னே. அதுக்கு முந்தி என் கால்சட்டை கிழிஞ்சிருக்குன்னே. இப்ப வீடா? நல்லாயிருக்கு மச்சான், இன்னொண்ணு சொல்லு."

"சத்தியமாச் சொல்றேன்!"

"அதையும் அன்னிக்கே பண்ணிட்டே."

அதற்குள் முகமெல்லாம் கரியோடு அவளே வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை வீறிட்டது. அப்போதும் அவர் கேட்டார்: "உங்கண்ணன் சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்தானா?"

"ஆமா, கரியையும் அவன்தான் பூசிவிட்டான்! எந்திரிங்க, கட்டில் எரியுது!"

எழுந்தார். கீழ்த்தெருத் தண்ணீர் பாய்ந்தது. சுவர்கள் நின்றன. மற்றது எதுவும் இல்லை. அடுத்த வாரம் மேல்தெருக் கம்பெனி கூடி, வண்டி வருமுன் எழுந்த குற்றத்துக்காக அவரை விலக்கியது. வீடு போனது பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை.

மச்சான் ஒன்றே ஒன்றுதான் எதிர்பார்த்தான். 'அன்னிக்கு நீ சொன்னது நிஜம்' என்று அவர் வாயால் வர வேண்டும். அவளும் மன்றாடினாள். "எங்கே ஓடிப்போறான்? சொல்லிக்கலாம்" என்பார் இவர். பிறகு நகரசபை இரண்டு கம்பெனியையும் ஒன்றாக்கிச் சம்பளப் படை அமைத்து, தண்ணீர்ப் பீப்பாய்களைப் பார்த்துக்கொள்ளத் தொட்டிக்காரரையும் சேர்த்துக்கொண்டது. இருவரும் ஒரே கொட்டகையில் வேலை பார்த்து நரைத்தார்கள். அப்போதும் சொல்லிக்கலாம் என்றுதான் இருந்தது. எத்தனையோ நெருப்புக்குத் தப்பிய மச்சான் கடைசியில் சாதாரண நெஞ்சுச்சளியில் போய்விட்டான்.

பழைய கல்லறைத் தோட்டத்தில் தீயணைப்புப் படைக்கென்று ஒரு வரிசை உண்டு. மச்சானை அங்கே அடக்கம் செய்தார்கள். பக்கத்து இடம் படைத்தலைவருக்கு என்றார்கள். மறுநாள் தோட்டக்காவலாளி அவளைத் தேடி வந்தான்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் அந்தக் காலி இடத்துல தொட்டியைக் கவுத்து உக்காந்திருக்காரு. எந்திரிக்க மாட்டேங்கிறாரு."

"அவர் வண்டி வந்தாத்தான் எந்திரிப்பாரு" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

கிட்டே போகும்போது பேச்சுக்குரல் கேட்டது. மரத்துக்குப் பின்னாலேயே நின்றுகொண்டாள்.

"மச்சான், அன்னிக்கு நீ சொன்னது நிஜந்தான். ஆனா கால்சட்டை விஷயம் பொய்."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று கூட வந்த காவலாளிக்குப் புரியவில்லை. அதன்பின் தினமும் அவர் போய் உட்கார்ந்தார். படைத்தலைவர் பார்த்துப் பார்த்துச் சலித்து, வேலியோரமாக வேறு இடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இப்போது தொட்டிக்காரர் அங்கேதான் இருக்கிறார், மச்சானுக்கு இடது பக்கம். கல்லில் கோடரியும் ஏணியும் செதுக்கியிருக்கிறார்கள். இரண்டையும் அவர் தொட்டதே இல்லை.