நஸீர் நானா திருப்பி அனுப்பிய சீட்டு

வார்டுக்குள் காலடி வைத்ததுமே தாதி சொன்னார்: "டொக்டர், நஸீர் நானா விடியக்காலையில மௌத்தாகிட்டாராம்." எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். முந்தின நாள் மாலையும் என் மருந்துச் சீட்டு ஒன்றைத் திருப்பி அனுப்பியிருந்தார். காலையில் போய் ஒரு பிடி பிடிக்கலாம் என்றிருந்தேன். அதற்குள் மனிதர் இறந்தே போய்விட்டார்.

அவரோடு வேலை செய்தவர்களுக்கு என் எரிச்சல் புரியும். கடுகண்ணாவையிலிருந்து முதல் பஸ்ஸில் கண்டிக்கு வந்து, எங்கள் ஆஸ்பத்திரி மருந்தகத்தைத் திறப்பார்; மருந்தாளர் அவர்தான். பிறகு அவரிடமிருந்து தொலைபேசி ஓயாது. நோயாளியின் நிறை என்ன, வேறு என்ன மருந்து குடிக்கிறார், எப்போது சாப்பிடுகிறார்? கிளினிக்கில் ஐம்பது பேர் காத்திருக்க, நான் காதில் ரிசீவரோடு நிற்பேன். "நீங்க எழுதுறது ஒரு அளவு, டொக்டர். உடம்புக்குள்ள போறது வேற அளவு" என்பார், அலுக்காமல்.

சில மாதங்களுக்கு முன் கலஹாவிலிருந்து வந்த செல்லம்மா மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர். உடம்பு அதை ஏற்றுக்கொள்ளக் கொடுக்கும் மருந்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்து, நுரையீரலில் பூஞ்சை பிடித்திருந்தது. வாரக்கணக்கில் கெப்சூல் கொடுத்தும் இருமல் குறையவில்லை. அளவை இரண்டு மடங்காக்கி எழுதினேன். சீட்டு திரும்பி வந்தது. பின்னாலேயே அவரும் வந்தார்.

"கூட்டி எழுதினா சரியா? எப்படிக் குடிக்கிறாங்க எண்டு கேட்டீங்களா?"

வார்டே பார்த்துக்கொண்டிருந்தது. செல்லம்மா கெப்சூல் போட்டுக் கொடுத்த காகித உறையைக் காட்டினார். 'சாப்பாட்டோடு' என்று நஸீர் நானா சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

"டொக்டர்தானுங்க வெறும் வயித்துல குடிக்கச் சொன்னாங்க. கூடவே கேஸ்டிரிக் மாத்திரையும் குடிக்கிறேன்" என்றார் அவர்.

சொன்னது நான்தான். எல்லா நோயாளிக்கும் வயிற்றுப் புளிப்பைக் குறைக்கும் கேஸ்டிரிக் மாத்திரை எழுதுவது எங்கள் கைப்பழக்கம். அந்தக் கெப்சூலுக்கோ வயிற்றில் உணவும் வேண்டும், புளிப்பும் வேண்டும். இரண்டையும் நான் தடுத்திருந்தேன். நஸீர் நானா நோயாளியின் முன்னால் என்னைத் திட்டவில்லை. "பழைய அளவே போதும், சோத்தோட. இனி மருந்து உள்ள ஏறும். அப்ப கிட்னி மருந்தும் ரத்தத்தில கூடும். அதையும் சோதிச்சுக் குறைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அப்படியே செய்தோம். செல்லம்மா மெல்லத் தேறினார். நான் நன்றி சொல்லவில்லை. எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாரே என்ற கோபத்தில் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவுமில்லை.

சிகிச்சை ஏன் தாமதித்தது என்று பிறகு விசாரணை நடந்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை. மறந்துவிட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தேன்.

நஸீர் நானாவின் ஜனாஸா வீட்டில், அடக்கத்துக்குக் காத்திருந்தபோது, எங்கள் யாழ்ப்பாணத்து வைத்திய நிபுணர் என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். "நல்ல மனிசன். அந்தக் கலஹா அம்மாவின்ர விசயத்தில, உறையில 'சாப்பாட்டோட' எண்டு எழுத மறந்தது தான்தான் எண்டு விசாரணையில தானே வந்து சொன்னவர்" என்றார்.

யார் கேட்டது இந்த மனிதரை? ஒரு கமாவைக்கூட விட்டுக்கொடுக்காதவர், அதை மட்டும் எதற்காகத் தன் தலையில் போட்டுக்கொண்டார்? சண்டை பிடிக்கவும் ஆள் இல்லை இப்போது.

செல்லம்மா விசயம் மருந்தகத்தின் பிழை என்று, ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை செய்யும் உங்களில் பலர் இன்னும் நம்புகிறீர்கள். அவர் உறையில் எழுதியிருந்தார். நான் கண்ணால் பார்த்தேன். பிழை என்னுடையது.