அக்கா வெட்டிவிட்ட வரப்பு

அக்காவை மண்ணுக்குள் வைத்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் நீங்கள் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் அக்காவை அறிந்தவர்கள். சிலருக்கு டீச்சர், சபையாருக்கு மிஷனரி அம்மா, என் பிள்ளைகளுக்கு அத்தை. "நல்ல விதமா, நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுங்க" என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். எனக்குச் சட்டென்று கோபம் வரும், வந்தால் வாய் நிற்காது என்பது ஊரறிந்த விஷயம். அக்காவோடு நான் போட்ட சண்டையையும் சேர்த்துத்தான் எழுதப்போகிறேன். அதை விட்டுவிட்டு எழுதினால் அது வேறு யாருடைய அக்காவோ ஆகிவிடும்.

அக்கா பிறந்தது பூதலூருக்குக் கிழக்கே, இந்த ஊரில், இந்த வீட்டில். எங்கள் அப்பாவுக்கு வாய்க்காலின் கடைசி மடையில் நிலம். டவுனில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டாலும், மேலே இருக்கிற வயல் எல்லாம் குடித்து முடித்த பிறகுதான் கடைசி மடைக்கு வரும். சில வருடம் வரவே வராது. எங்களுக்கு நேர் மேல் மடைக்காரர், தன் வயல் நிறையும்வரை வாய்க்காலின் குறுக்கே மண்ணை அள்ளிப் போட்டு அடைத்துவிடுவார். அப்பா மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். அம்மா ஜெபிக்க முழங்காலில் நின்றுவிடுவார். அக்கா மட்டும் அப்பாவின் பின்னாலேயே ஓடுவார், யாரும் யாரையும் வெட்டிவிடக் கூடாதே என்று. பாவாடை சட்டை போட்ட பெண் நடுவில் வந்து நிற்பதைப் பார்த்து இரண்டு பேரும் கெட்ட வார்த்தையோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அம்மா சீக்கிரமே போய்விட்டார். அதற்குப் பிறகு எனக்குச் சோறு போட்டதும், தலை சீவிவிட்டதும், பரீட்சையில் கோட்டைவிட்டபோது முதுகில் நாலு வைத்ததும் அக்காதான். காலை ரயிலைப் பிடித்துத் தஞ்சாவூர் போய்க் கணக்கில் பட்டம் வாங்கினார், ஆசிரியர் பயிற்சி முடித்தார், அங்கேயே வேலைக்கும் சேர்ந்தார். வந்த வரன்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிக் கழித்தார். எனக்குக் கல்யாணமாகி, அப்பாவும் கண்ணை மூடியபின், ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சாதாரணமாகச் சொன்னார்.

"தம்பி, தான்சானியாவில ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு டீச்சர் வேணுமாம். சபையில ஆள் கேக்குறாங்க. நான் பேர் குடுத்துட்டேன்."

"ஏன், இங்க பிள்ளைங்களுக்குக் கணக்கு வந்துருச்சா?"

"இங்க நான் இல்லாட்டி இன்னொரு டீச்சர் வருவாங்க. அங்க வர மாட்டேங்குறாங்கடா."

ரசத்தை ஊற்றாமலே எழுந்து போய்விட்டேன். அக்கா கிளம்பிப் போயே விட்டார்.

ஊழியம் என்றால் கையில் வேதாகமம், எதிரில் கைகட்டி நிற்கும் ஜனம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அக்காவின் ஒரு நாளைச் சொல்கிறேன், கேளுங்கள். விடிவதற்கு முன் குடத்தோடு வரிசை. வகுப்பில் மூன்று பிள்ளைக்கு ஒரு புத்தகம். அவர்கள் பாஷை இவருக்குப் பாதிதான் வரும், பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பாதிதான் வரும், மீதியைக் கரும்பலகையில் படம் போட்டுக் காட்ட வேண்டும். மழை வந்தால் தகரக் கூரையில் இரைச்சல், தொண்டை கிழியக் கத்தினாலும் முதல் பெஞ்சுக்குக்கூடக் கேட்காது. மழை இல்லாவிட்டால் பசி. விடுதிப் பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் மக்காச்சோளக் களிதான், அதுவும் சில மாதம் ஒரு வேளைதான். பதினோரு மணிக்கு மேல் பிள்ளைகள் பசியில் மேசையில் தலையைச் சாய்த்துவிடும். "அதுங்களைத் தட்டி எழுப்பி வகுத்தல் சொல்லிக் குடுக்க எனக்கு மனசு வரலடா" என்று ஒரு தடவை போனில் சொல்லி அழுதார். மலேரியாவில் நாலைந்து முறை விழுந்து எழுந்தார். அப்போதெல்லாம் அவர் அழுததில்லை.

அந்தப் பசிதான் அவரை வயலில் இறக்கியது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு தாழ்வான நிலம் சும்மா கிடந்தது. மழைக்காலத்தில் மேட்டிலிருந்து வரும் ஓடை அதன் வழியாகத்தான் போகும். கறுப்பு மண். போனில் படத்தைப் பார்த்ததும் எனக்கே கை பரபரத்தது. நம்மூர் ஆள் யாராக இருந்தாலும் இதைத்தான் நினைப்பார்கள்: இவ்வளவு தண்ணீர் ஓடி வீணாய்ப் போகிறதே, நாலு பக்கமும் வரப்புக் கட்டி நிறுத்தினால் நெல் விளையுமே! அக்காவும் அதையேதான் நினைத்தார். தலைமை ஆசிரியரிடம் கேட்டார், அவரும் சரி என்றார். பெரிய பிள்ளைகளை வைத்து ஓடையை மறித்து வரப்புப் போட்டு, அந்த ஊர் விதைநெல்லையே வாங்கி நாற்றுவிட்டு நட்டார். வரப்பு எவ்வளவு உயரம், தண்ணீரை எவ்வளவு கட்டலாம், எப்போது களை எடுக்கலாம் என்று வாரா வாரம் போனில் நான்தான் சொன்னேன். பயிர் தூர் கட்டியது, கதிர் வந்தது. "அறுத்தா பிள்ளைங்களுக்கு ஆறு மாசம் சோறுடா!" என்று அக்கா சிறு பிள்ளை மாதிரி குதித்தார்.

அந்த வருடம் அங்கே மழை பாதியில் நின்றுவிட்டது.

மழை நின்ற சில வாரங்களில் ஒரு திங்கட்கிழமை, வகுப்பில் பாதிப் பெஞ்சு காலி. மாடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளைகள் ஒன்றுகூட வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் வரப்பின் மேல் அந்த வீட்டு ஆண்கள் கம்போடு வந்து நின்றார்கள். பேசவில்லை, திட்டவில்லை, பயிரைத் தொடவுமில்லை. சும்மா நின்றார்கள். அதுதான் பயமாக இருந்தது என்றார் அக்கா. தலைமை ஆசிரியர் போலீஸைக் கூப்பிடலாம் என்றார். நிலம் பள்ளிக்கூடத்துடையது, பத்திரம் இருக்கிறது. அக்கா ஒரு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு, ஓடையை ஒட்டியே தனியாகக் கீழே நடந்து போய்ப் பார்த்திருக்கிறார்.

கீழே ஒரு குட்டை. அந்த ஊர் மாடுகள் கோடையில் குடிக்கிற தண்ணீர் அது ஒன்றுதான். சேறாகிக் கிடந்தது. மாடுகள் சேற்றில் வாயை வைத்து உறிஞ்சிக்கொண்டு நின்றன. வகுப்புக்கு வராத பிள்ளைகள் எங்கே என்று அங்கே நின்ற ஒரு தாயைக் கேட்டிருக்கிறார். தண்ணீர் தேடி மாடுகளை ஓட்டிக்கொண்டு தூர ஊர்களுக்குப் போய்விட்டார்களாம்.

அன்றைக்குச் சாயங்காலம் எனக்கு போன் வந்தது. குரலே சரியில்லை.

"தம்பி, நான் மேல் மடைக்காரி ஆயிட்டேன்டா."

விஷயத்தைச் சொன்னார். வரப்பை வெட்டித் தண்ணீரைக் கீழே விடப்போகிறேன், மேட்டில் புல் காய்ந்துபோனதால் மாடுகளையும் வயலுக்குள் விடச் சொல்லப்போகிறேன் என்றார். எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது.

"பயிர் என்ன பருவம்?"

"பால் பிடிச்சிருக்கு. மணி இன்னும் முத்தல."

"பால் பிடிச்ச பயிர்ல தண்ணிய எடுத்தா பூரா பதராப் போயிடும்! அதுல மாட்ட வேற விடுவாங்களா? உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? பத்திரம் இருக்குல்ல? போலீஸ் வரட்டும், வந்து நிக்கட்டும்!"

"நம்ம மேல் மடைக்காரரும் அப்பாகிட்ட பட்டாவத்தானே காட்டினாரு?"

"கொஞ்ச நாள் பொறுத்தா அறுத்துடலாம்க்கா. அது அந்தப் பிள்ளைங்க சோறு, அக்கா!"

"தெரியும்டா. பயிர் போனா அடுத்த வருஷம் நட்டுக்கலாம். இந்தப் பிள்ளைங்க இப்பப் பள்ளிக்கூடத்த விட்டுச்சுன்னா திரும்பி வராது. பொட்டப் பிள்ளைங்க சுத்தமா வராது, கட்டிக் குடுத்துடுவாங்க. எனக்கு வேற வழி தெரியல."

"எப்படியோ போங்க!" என்று போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் டீக்கடையில் இதைச் சொல்லிப் புலம்பினேன். அங்கே உட்கார்ந்திருந்தவர் எங்கள் மேல் மடைக்காரரின் மகன். அப்பாக்களின் பகை இரண்டு தலைமுறைக்கும் தாராளமாக இருந்தது, எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவோம். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சத்தம் போட்டுச் சிரித்தார். "பால் பிடிச்ச பயிர்ல மாட்ட விடுறாங்களா? படிச்சவங்களாச்சே!" எனக்கு அவர் மேலும் கோபம், அக்கா மேலும் கோபம்.

அன்று மதியம் வீடியோவில் அக்கா கூப்பிட்டார். உடன் வேலை பார்க்கும் ஒரு டீச்சர் போனைப் பிடித்திருந்தார். பயிர் இடுப்புயரம், ஒரே பச்சை. வரப்பில் கம்போடு ஆட்கள். அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அப்பா பிடிக்கிற அதே பிடியில் மண்வெட்டியைப் பிடித்து, வரப்பில் முதல் வெட்டு வெட்டினார். அந்த ஆட்கள் சடாரென்று அக்காவை நோக்கி நகர்ந்தார்கள். என்ன செய்கிறார் என்று அவர்களுக்குப் புரியவில்லை போலிருக்கிறது. ஒருவர் கம்பை ஓங்கினார். "அக்கா!" என்று கத்தினேன். லைன் கட்டாகிவிட்டது.

திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். கிடைக்கவில்லை. சபைக்குப் போன் செய்தேன், அவர்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை. என் வயல் வரப்பிலேயே உட்கார்ந்துகொண்டு, ஜெபம் என்ற பெயரில் கர்த்தரையும் அக்காவையும் மாறி மாறித் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியாக அக்காவிடம் நான் சொன்ன வார்த்தை 'எப்படியோ போங்க' என்பதாகிவிடுமோ என்று போனையே எடுத்து எடுத்துப் பார்த்தேன். எதிர்க்கரையில் மேல் மடைக்காரர் மகன் நின்று பார்த்தார். சிரிக்கவில்லை. அவரும் போகவில்லை.

சாயங்காலம் வாட்ஸ்அப்பில் குரல் வந்தது. "ஒண்ணும் ஆகலடா, பயப்படாத. தண்ணி கீழ போறதப் பாத்ததும் அந்த மனுஷன் கம்பப் போட்டுட்டாரு. கையாலயே மண்ண இழுக்க ஆரம்பிச்சுட்டாரு." பேச்சுக்குப் பின்னால் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. மாடுகளின் மணிச் சத்தமும் கேட்டது. அந்தப் பயிரை நினைத்து எனக்கு வயிறெரிந்தது. அக்கா உயிரோடு இருக்கிறார் என்று அழுகையும் வந்தது.

அடுத்த திங்கட்கிழமை இன்னொரு குரல் பதிவு அனுப்பினார். அதில் அவர் என்னோடு பேசவேயில்லை. வருகைப் பதிவேட்டிலிருந்து பெயர் பெயராகக் கூப்பிடுகிறார், பிள்ளைகள் 'இருக்கேன்' என்று அவர்கள் பாஷையில் சொல்கின்றன. சில பெயர்களுக்குப் பதில் இல்லை. அந்த இடங்களில் அக்கா கொஞ்சம் நிறுத்திவிட்டு, அதே பெயரை இன்னொரு தடவை கூப்பிடுகிறார். எல்லோரும் திரும்பவில்லை. பெரும்பாலானோர் திரும்பினார்கள். அந்த வருடம் விடுதியில் சோறு இல்லை, களிதான். அக்காவும் ஒரு வேளைதான் சாப்பிட்டார். மறுவருடம் மாட்டுக்காரர்களோடு உட்கார்ந்து பேசி, குட்டைக்குத் தண்ணீர் போக மடை வைத்துத்தான் வரப்புக் கட்டினார்கள். அந்த வயல் இன்றும் விளைகிறது.

உடம்பு முற்றிலும் முடியாமல் போன பிறகுதான் அக்கா ஊருக்கு வந்தார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டிருந்தன. படுக்கையில் இருந்த மாதங்களில் வலியைப் பற்றி அதிகம் பேசியதில்லை. நான் வயலிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வரும்: "தம்பி, நம்ம மடைக்குத் தண்ணி வந்துச்சா?" பெரும்பாலும் "இல்லக்கா" என்றுதான் சொல்லியிருக்கிறேன். கார்த்திகை மழை கொட்டித் தீர்த்த ஒரு வாரத்தின் முடிவில், என் கையைப் பிடித்தபடியே ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தார்.

அந்த மழையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வாய்க்கால் பாலம் இடிந்து போயிருந்தது. சுற்றுப்பாதையில் இடுப்பளவு தண்ணீர். மிச்சமிருந்தது ஒரே வழி, மேல் மடைக்காரர் மகனின் வயல். அதன் வரப்பு ஓர் ஆள் நடக்கிற அகலம்தான். பெட்டியைத் தூக்கினால் இரண்டு பக்கமும் வயலுக்குள் இறங்கித்தான் நடக்க வேண்டும், பின்னால் அத்தனை ஜனமும் வர வேண்டும். யார் போய்க் கேட்பது? ஆயர் என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். மழை மறுபடியும் பிடித்துவிடுமோ என்று எல்லோரும் வானத்தையே பார்த்தார்கள். பெட்டி எங்கள் தோளில் இருந்தது.

அவர் எங்கிருந்தோ வந்தார். வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, எங்களுக்கு முன்னால் தன் வயலுக்குள் தானே இறங்கினார்.

"வாங்க. இப்படி இறங்குங்க."

"அண்ணே, பயிர் பால் பிடிச்சிருக்கு" என்றேன்.

"என் பயிரு எனக்குத் தெரியாதா? அந்தம்மா மாட்டுக்கே விட்டுச்சு. இறங்குங்க தம்பி."

இறங்கினோம். முழங்கால் வரை சேறு. மிதிபடுகிற ஒவ்வோர் அடியும் எனக்குத் தெரிந்தது. அவர் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்காவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அடக்க ஆராதனை நடத்திய ஆயருக்கும், தோள் கொடுத்த இளைஞர்களுக்கும், தஞ்சாவூரிலிருந்து சேற்றில் நடந்து வந்த பழைய மாணவிகளுக்கும், கடல் கடந்து அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து பாட்டுப் பாடி அனுப்பிய பிள்ளைகளுக்கும், ஓராண்டாக என் கோபத்தைப் பொறுத்துக்கொண்டிருக்கும் என் மனைவிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மேல் மடை அண்ணே, மலரில் உங்கள் பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னீர்கள். போடவில்லை. வயலைப் பற்றி எழுதக் கூடாது என்று நீங்கள் சொல்லவில்லை, எழுதிவிட்டேன். இந்த வருடம் நடவுக்கு முன்பே எங்கள் மடையில் தண்ணீர் நின்றது. நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, பழக்க தோஷம், உள் அறையைப் பார்த்துச் சொல்லிவிட்டேன்.

"வந்துருச்சுக்கா."