டேட் திரும்பி வந்த ஆட்டம்

இண்டியானாபொலிஸில் இருபத்தாறு வருடமாகப் பேருந்து ஓட்டும் வெண்டல் ப்ரூயிட்டுக்குக் கூடைப்பந்தில் தெரியாதது எதுவுமில்லை. இது அவரே சொன்னது. வானொலியின் விளையாட்டு அரட்டைக்கு வாரம் இரண்டு முறை போன் போட்டு, ஆறு வருடமாக ஒரே பாட்டைப் பாடினார்: நம் ஊர் அணியிலிருந்து கோர்லிஸ் டேட்டை அனுப்பிவிடுங்கள், ஆட்டத்துக்கு ஆறு பாயிண்ட் போடுகிறவன் நமக்கு எதற்கு?

ஜனவரியில் நிஜமாகவே டேட்டை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டு, பதினெட்டு பாயிண்ட் போடும் ஒரு பையனை வாங்கினார்கள். வெண்டல் டிப்போ முழுக்க டோனட் கொடுத்தார். அடுத்த பதினொரு ஆட்டங்களில் அணி ஒன்பதில் மண்ணைக் கவ்வியது.

டிப்போவில் வண்டிகளை நேரம் பார்த்து அனுப்பும் லொரெட்டா சும்மா விடுவாரா?

"அவன் பாயிண்ட் போடலதான் வெண்டல். போடுறவனுக்கு வழி பண்ணிக் குடுத்தான். இப்ப எல்லாரும் முட்டிக்கிட்டு நிக்கிறாங்க."

"வழி பண்ணணும்னா ஒரு டிராபிக் போலீஸ வச்சுக்கச் சொல்லு."

வேறு அணிக்குப் போன ஆட்டக்காரர் அந்த அணியோடு முதல்முறை பழைய ஊருக்கு ஆட வரும்போது, பெரிய திரையில் அவருடைய பழைய ஆட்டங்களைக் காட்டுவார்கள்; அரங்கமே எழுந்து கைதட்டும். தான் மட்டும் உட்கார்ந்தே இருப்பேன் என்று வெண்டல் வானொலியில் சபதம் போட்டார். ஊரே கேட்டது. லொரெட்டா வேண்டுமென்றே பக்கத்து இருக்கைக்கு டிக்கெட் எடுத்தார்.

டேட் ஆட வந்த அன்று அரங்கின் விளக்குகள் மங்கின. பதினேழாயிரம் பேர் எழுந்தார்கள். வெண்டல் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

முன்னால் நின்ற இருவரின் தோள்களுக்கு நடுவே திரை தெரிந்தது. நான்கு வருடத்துக்கு முந்தைய ஆட்டம் ஓடியது. வெண்டலுக்கு அது மனப்பாடம். டிப்போ குலுக்கலில் மூன்றாம் வரிசை டிக்கெட் கிடைத்த நாள் அது. கடைசி நொடியில் நம் அணியின் மெரிக் பந்தைக் கூடையில் போட்டு ஜெயிக்க வைத்தான். டேட் என்கிற தடியன் தன்மேல் விழுந்து, கையிலிருந்த தின்பண்டத்தைக் கொட்டி, புதுக் கோட்டெல்லாம் சீஸ் ஆக்கினான். இதை அவர் சொல்லிக் கேட்காத பயணி இல்லை.

திரையில், வெளியே போகும் பந்தை நோக்கி டேட் பாய்ந்தான். மூன்றாம் வரிசையில் ஒரு மனிதரின் மடியில் விழுந்தான். விழுந்தபடியே, முகத்தைக்கூடத் திருப்பாமல், பந்தை உள்ளே எறிந்தான். அது நேராக மெரிக் கையில் போய் நின்றது. அந்த மனிதர் எதையும் பார்க்கவில்லை. கோட்டைத் துடைத்துக்கொண்டு டேட்டைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது.

"அது நீதான், வெண்டல்," என்றார் லொரெட்டா. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

வெண்டல் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பந்து என் மடியிலிருந்தா போனது? நான்கு வருடமாக நான் எதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்?

படம் முடிந்தது. டேட் கையசைத்தான். எல்லோரும் உட்கார்ந்தார்கள், ஆட்டம் தொடங்கியது. அப்போதுதான் வெண்டல் எழுந்து கைதட்ட ஆரம்பித்தார், தன்னந்தனியாக.

"யோவ், மறைக்குது, உக்காருய்யா," என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

அவர் உட்காரவில்லை.