திங்கட்கிழமைக் காய்ச்சல்

சித்தி வேலை பார்க்கும் பட்டறையில் சாயங்காலம் ஆளுக்கொரு டம்ளர் பால் கொடுப்பார்கள். நெஞ்சுக்குள் போன வெல்டிங் புகையைப் பால் இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது முதலாளியின் நம்பிக்கை. அவருடைய அப்பாவும் அப்படித்தான் கொடுத்தாராம். நான் வெளியூர்களெல்லாம் சுற்றிவிட்டு அவள் வீட்டுக்குத் திரும்பி, பையைக்கூட முழுசாக அவிழ்க்காத வாரத்தில், சித்தி அந்தப் பாலை வேண்டாம் என்று நகர்த்தி வைத்துவிட்டாள்.

அம்மாவின் கடைசித் தங்கை அவள். பட்டறைக்கு முதலில் போனது பெயிண்ட் அடிக்க. ஆண்கள் பற்றவைத்துப் போடும் கேட்டுக்கும் படிக்கட்டுக்கும் துருப் பிடிக்காமலிருக்கச் சிவப்புப் பூச்சு அடிப்பது அவள் வேலை. அடுத்தவர்கள் வைத்த வெல்டிங் ஒட்டைப் பல வருஷம் தடவித் தடவியே எது உறுதி, எது ஏமாற்று என்று அவள் விரலுக்குத் தெரிந்துபோனது. அங்கே கழுத்து நீண்ட வெல்டர் ஒருவன் உண்டு. அவன் மனைவிகூட அவனை ஒட்டகம் என்றுதான் கூப்பிடுவாள். அவன் வைத்த ஒட்டு ஒன்றைக் காட்டி, பசை தடவி ஒட்டினால்கூட இதைவிட நன்றாக நிற்கும் என்று சித்தி சொல்லியிருக்கிறாள். நீயே பண்ணிக் காட்டு என்று அவன் வெல்டிங் ஹோல்டரை அவள் கையில் திணித்தான். அவள் வைத்த முதல் ஒட்டு பார்க்கச் சகிக்காதாம். அதை அவளே சொல்லிச் சிரிப்பாள். ஆனால் ஹோல்டரைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

இந்த வருஷம் ஒரு பெரிய அடுக்குமாடிக்குக் கைப்பிடிகள் செய்யும் வேலை வந்தது. எல்லாம் ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய குழாய். வழக்கமாக முற்றத்தில்தான் பற்றவைப்பார்கள். எதிர்வீட்டு மாடியிலிருந்து வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று புகார் வந்ததும், முதலாளி வேலையை உள்ளே கொண்டுபோய் ஷட்டரை இறக்கிவிட்டார்.

துத்தநாகம் எரிந்தால் வெள்ளைப் புகை வரும். வெளியில் என்றால் காற்று கொண்டுபோகும். ஷட்டர் போட்ட இடத்தில் எங்கே போவது? கூரைத் தகரத்தை முட்டிவிட்டு, பஞ்சுப் பிசிறாக எல்லோர் தலையிலும் இறங்கியது. நாக்கில் ஓர் அசட்டு இனிப்பு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் தண்ணீரும் இனிக்கும், பீடியும் இனிக்கும். வீட்டுக்குப் போனால் குளிரும் காய்ச்சலும் தூக்கிப் போடும். விடிந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து நிற்கலாம். அதிலும் திங்கட்கிழமைதான் மோசம். வாரம் முழுக்கப் புகைக்குப் பழகும் உடம்பு ஞாயிறு ஒருநாள் ஓய்வில் அந்தப் பழக்கத்தை மறந்துவிடும். திங்களன்று புதிதாக அடிவாங்கும்.

இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. முதலாளியிடம் வேறு விளக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஊற்றினது திங்கட்கிழமை குளிருது என்பார். ஆட்கள் மறுக்கவில்லை, ஊற்றியிருந்தது உண்மைதானே. ஒட்டகம் ஒரு ஞாயிறு வைராக்கியமாகக் குடிக்காமல் இருந்து பார்த்தான். அப்படியும் காய்ச்சல் வந்தது. மனைவியே நம்பவில்லை, முதலாளியா நம்புவார்?

பிறகு ஒரு திங்கட்கிழமை சித்திக்கு வந்தது. வீட்டிலிருந்த போர்வை எல்லாவற்றையும் போர்த்தி, அதன்மேல் என் குளிர்ச்சட்டையையும் போட்டும் பல் தந்தியடித்தது. மறுநாள் வலுக்கட்டாயமாக டாக்டரிடம் கூட்டிப் போனேன். அந்த அம்மாள் என்ன வேலை, என்ன குழாய், கதவு திறந்திருக்குமா என்று கேட்டுவிட்டு, இது புகைக் காய்ச்சல், பாலுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, காற்றுதான் மருந்து என்றார். இப்படியே போனால் நெஞ்சு நிரந்தரமாகக் கெடும் என்றும் சொன்னார்.

சித்தி நேரே பட்டறைக்குப் போனாள்.

"ஞாயித்துக்கெழமை நான் என்ன ஊத்தினேன் முதலாளி? எங்க அக்கா பொண்ணு சாட்சி. ரெண்டு வேளை காப்பி."

முதலாளி கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை. அன்பாகவே பேசினார். "உன்னைப் போயி அப்படிச் சொல்வேனாம்மா? பொம்பளை உடம்பு தாங்கல, அவ்வளவுதான். பழையபடி பெயிண்டுக்கே போயிடு. சம்பளத்துல கை வைக்கமாட்டேன்."

ஆணுக்கு வந்தால் குடி, பெண்ணுக்கு வந்தால் உடம்பு. புகையைத் தவிர எல்லோர் மேலும் பழி. சித்தி இரண்டே விஷயம் கேட்டாள்: பற்றவைக்கும் முனையில் பூச்சைச் சுரண்டிவிட்டு வேலை செய்யணும், ஷட்டரைத் தூக்கணும். சுரண்டினால் வேலை தாமதமாகும், தூக்கினால் எதிர்வீடு கத்தும் என்றார் அவர். சித்தி சாலையைக் கடந்து எதிர்வீட்டு மாடிக்கே போய்விட்டாள். அங்கிருந்த பெண், தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் கண்ணில் வெளிச்சம் அடிக்கிறது, தடுப்பு ஒன்று வைத்தால் தனக்கென்ன வந்தது என்றாள். சித்தி திரும்பி வந்து, தகரத் தடுப்பு வைக்கலாம் என்றாள். முதலாளி பார்க்கலாம் என்றார். எங்கள் குடும்பத்தில் பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று பொருள். அவர் குடும்பத்திலும் அப்படித்தான் போலிருக்கிறது. அடுத்த திங்கள் முதல் பெயிண்டுக்கு வா என்றும் சொல்லிவிட்டார்.

"பிரஷ் புடிக்க எனக்கு வெக்கமில்ல. ஆனா இங்க கெட்டது என் உடம்பா, அவரு பட்டறையா? அதை மொதல்ல அவரு சொல்லட்டும், திங்கக்கெழமை எதைப் புடிக்கச் சொன்னாலும் புடிக்கிறேன்" என்றாள் வீட்டில்.

அந்த வாரம் சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் வெட்டிப்போட்ட கம்பிகளைப் பொறுக்கி ஒரு கம்பிக் கதவு செய்தாள். நேர்த்தியான கதவு. முதலாளியே நின்று பார்த்துவிட்டு யாருக்கு என்று கேட்டார். நமக்கு வேண்டப்பட்டவங்களுக்குத்தான் என்றாள்.

சனிக்கிழமை மதியம் அவர் சரக்கோடு வண்டியில் போனதும், அந்தக் கதவைப் பட்டறை வாசலிலேயே மாட்டி, அதற்குப் பூட்டும் பொருத்தினாள். முற்றத்துப் பக்கம் தகரத் தடுப்பை நிறுத்தினாள். பிறகு ஷட்டரை முழுக்கத் தூக்கி, அது இறங்கும் தண்டவாளத்தில் இரண்டு பக்கமும் பூச்சைச் சுரண்டி, இரண்டு பொட்டு வெல்டிங் வைத்தாள். ஏணியைப் பிடித்தது நான். இனி ஷட்டர் இறங்காது. கம்பிக் கதவு திருடனை நிறுத்தும், காற்றை நிறுத்தாது.

திங்கட்கிழமை சித்தி பூட்டைத் திறந்து எல்லோரும் உள்ளே வந்ததும், முதலாளி ஷட்டரை இறக்க அதன் சங்கிலியை இழுஇழு என்று இழுத்துப் பார்த்துவிட்டு மேலே பார்த்தார். யார் வேலை இது என்றார்.

"ஒட்டைப் பார்த்தாலே தெரியலையா முதலாளி? இங்க இவ்வளவு நேரா வேற யாரு வைப்பா?"

அவர் ஒட்டகத்தின் பக்கம் திரும்பி, இரும்பு அறுக்கும் கிரைண்டரை எடுத்து அந்த ஒட்டை அறு என்றார். ஒட்டகம் இரண்டு கையையும் நீட்டினான். விரல்களை வேண்டுமென்றே ஆட்டினான்.

"நேத்து ஊத்தினது இன்னும் எறங்கல முதலாளி. கை நடுங்குது. மெஷினைத் தொட்டா விரல் போயிடும்."

பக்கத்தில் நின்ற வெல்டரும் தனக்கும் அதே கதைதான் என்றான். கடைசியில் முதலாளி, லேத்தில் கடைசல் வேலை பார்க்கும் பெரியவரிடம் போனார். வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டறியாத மனுஷர் அவர். கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்துவிட்டு, "எனக்கும் தலை சுத்துதுப்பா. இவனுங்க வாடை பட்டிருக்கும்" என்றார்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர்கள் பட்ட பாடு முதலாளிக்கும் தெரிந்தது. முகம் சிவக்க அவரே கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு ஏணியில் கால் வைத்தார். சித்தி தன் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள்.

"போட்டுக்கோங்க. பொறி பறக்கும்."

அவர் அதை வாங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. மெஷினைப் பிடித்த கை தானாகத் தாழ்ந்தது.

"உன் இஷ்டத்துக்குப் பட்டறை நடக்குமாம்மா?"

"பட்டறை உங்க இஷ்டத்துக்கே நடக்கட்டும் முதலாளி. மூச்சு மட்டும் எங்க இஷ்டத்துக்கு விட்டுக்கறோம்."

அவர் மெஷினைக் கீழே வைத்துவிட்டுத் தன் மேஜைக்குப் போனார். பெயிண்ட் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை. சித்தி ஒரு பைப்பை எடுத்து முனையைச் சுரண்ட ஆரம்பித்தாள், மற்றவர்களும் சுரண்டினார்கள். முதல் ஒட்டில் எழுந்த புகை கூரைவரை போகாமல் வளைந்து, கம்பிகளுக்கு நடுவே தெருவுக்கு நடந்தது. அன்று வந்த பால் ஆடை படிந்து அப்படியே கிடந்தது.

அன்றிரவு காய்ச்சல் வரவில்லை. ஆனால் வீட்டுப் படியில் பாதியிலேயே சித்தி நின்றுவிட்டாள். நெஞ்சில் இன்னும் ஒரு விசில் இருந்தது. நாலு நாள் லீவு போடேன் என்றேன்.

"கூரையில ஓட்டை போட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டணும். லீவு போட்டா யாரு போடுவா?"

முதலாளி ஒத்துக்கொண்டாரா என்று கேட்டேன்.

"அவருக்கு இன்னும் தெரியாது" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டே. "ஏணி புடிக்க இருப்பியா, இல்ல மறுபடி ஊர் சுத்தக் கெளம்பிடுவியா?"