சத்துப் போத்தல்

என் மனைவி செத்ததற்கு நீங்கள்தான் காரணம், டிஸ்பென்சரிக்காரரே.

போன வருட மழைக்காலம். தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருவரும் பால் வெட்டிக்கொண்டிருந்தோம். அவளுக்கு நான்கு நாட்கள் காய்ச்சல். ஐந்தாம் நாள் காலையில் உடம்பு சில்லென்று இருந்தது. காய்ச்சல் விட்டதென்று சந்தோஷப்பட்டேன். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்து என்று எனக்குத் தெரியாது.

வயிறு வலிக்கிறது, தலை சுற்றுகிறது என்றாள். வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் காய்ச்சல்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைத்தெருவிலுள்ள உங்கள் டிஸ்பென்சரியில் சத்துப் போத்தல் ஏற்றிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போய்விடுவார்கள். நானும் அங்கேதான் கூட்டிப்போனேன்.

"ஐயா, தெம்புக்கு ஒரு போத்தல் ஏத்தி விடுங்க."

"அமினோ ஆசிட் போடுறேன். எந்திரிச்சு ஓடுவாங்க பாருங்க" என்று சிரித்தீர்கள். பிரஷர் பார்க்கவில்லை.

அவள் போத்தலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். "ஏங்க, மரத்துல இருந்து சொட்டுச் சொட்டா எடுத்தோம். இப்ப நமக்குள்ள ஏத்துறாங்க" என்றாள். அதுதான் அவள் பேசிய கடைசிப் பேச்சு. பாதிப் போத்தலில் கண் செருகியது. கையெல்லாம் ஐஸ். திரீவீலரில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். சாயங்காலம் அவள் போய்விட்டாள்.

அங்கிருந்த டாக்டரம்மா சிங்களத்தில், திட்டாமல் விளக்கினார். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து பிரஷர் விழுந்திருக்கிறது, அதற்குப் பெயர் ஷாக். அமினோ அமிலம் புரதத்தின் துண்டு. உடம்பை வளர்க்கும், ஆனால் விழுந்த பிரஷரைத் தூக்கும் மருந்தல்ல. அதில் சில வகை இரத்தக் குழாயை விரித்து, பிரஷரை இன்னும் இறக்கவும் கூடும். போத்தல்தான் கொன்றதா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, ஆனால் டிஸ்பென்சரியில் கழிந்த இரண்டு மணி நேரம் வீணாய்ப் போனது என்றார்.

போத்தல் கேட்டது நான். அவள் குளிர்ந்து போனதைச் சுகம் என்று நினைத்ததும் நான். அந்தப் பாவத்தைச் சுமந்துகொண்டுதான் தினமும் மரத்தடியில் நிற்கிறேன்.

நேற்றும் எங்கள் லயத்துப் பெண் ஒருத்தி உங்கள் வாசலில் போத்தலுக்குக் காத்திருந்தாள். பிரஷர் பார்க்காமல் இன்னும் எத்தனை பேருக்கு ஏற்றப் போகிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் தோட்டத்துச் சனம் முழுவதும் இருக்கும். அங்கே வந்து, எல்லோர் காதும் கேட்கப் பதில் சொல்லுங்கள்.