பாம்புக்காது

ஹெட்போனை மாட்டுவதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அறைக்கு வெளியே வைத்துவிடுவார். முள் நகரும் சத்தம்கூடக் குறுக்கே வரக் கூடாது. கதவைச் சாத்தியதும் மூச்சைப் பாதியாக்கிக்கொண்டு உட்காருவார். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே பாம்புக்காது.

ஒரு பாட்டின் கோப்பைப் பத்தில் ஒரு பங்கு அளவாகச் சுருக்கிக் கைபேசிகளுக்கு அனுப்புகிறார்கள். சுருக்கியதில் எந்த ஒலி செத்தது என்று சொல்வது அவர் வேலை. மூலத்தையும் சுருக்கியதையும் மாற்றி மாற்றிக் கேட்டு ஐந்துக்கு மதிப்பெண் போடுவார். திரையில் ஓடும் கோடுகளைவிட அவர் வாயில் வருவதைத்தான் பொறியாளர்கள் நம்பினார்கள். "பாடுறவ தொட்டித் தண்ணிக்குள்ள நின்னு பாடுறா." "கைதட்டலா இது? யாரோ காகிதம் கசக்குறாங்க." "மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே அதோட நெழல் வந்து நிக்குது."

வீட்டில் மனைவி கைபேசியில் ஏதாவது போட்டால், "சக்கையப் போய்க் கேக்குறியே" என்பார். அவளும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்கப் பழகிவிட்டாள்.

கேட்பவரையும் சோதிக்க வேண்டுமே. அதற்காகச் சுருக்கியவற்றுக்கு நடுவில் மூலத்தையே பெயர் சொல்லாமல் நுழைத்து வைப்பார்கள். போன மாதம் பிரிவுத் தலைவி அவரைத் தனியே கூப்பிட்டார்.

"சார், கரகரன்னு இருக்குன்னு ரெண்டு மார்க் போட்டிருக்கீங்களே, அது ஒரிஜினல்."

"ஒரு தடவ தவறியிருக்கும்மா."

"எல்லாத் தடவயும் சார்."

கொஞ்ச நாளாகவே இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் குத்துமதிப்பாகத்தான் போட்டுக்கொண்டிருந்தார். உச்ச ஸ்தாயி ஒலிகளைக் கேட்கும் திறன் போய்விட்டது, இனித் திரும்பாது என்று காது மருத்துவர் சொல்லிவிட்டார். இப்போது கோப்புகளுக்குப் பெயர் மாற்றும் வேலை. பாம்புக்காது என்று யாரும் கூப்பிடுவதில்லை. மரியாதையாகச் 'சார்' என்கிறார்கள்.

முந்தாநாள் அவரே மனைவியிடம், "ஏதாவது பாட்டு போடேன்" என்றார். அவள் ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எங்கேயும் ஒரு குறையும் இல்லை.

"என்னங்க, நடுவுல கிறீச்சுன்னு ஒண்ணு வருதே. எனக்கே கேக்குது, உங்களுக்குக் கேக்கலயா?"

"எங்க?"

"இதோ, இப்ப."

கைபேசியை வாங்கிக் காதோடு ஒட்டிக்கொண்டார். "திரும்பப் போடு." போட்டாள். "இன்னும் வருதா?"

"வருதுங்க."

அவர் அதை மடியில் வைத்து, அந்தக் கிறீச்சு விரலுக்காவது எட்டுமா என்று, ஒலி வரும் துளைகளின் மேல் விரல் நுனியை மெதுவாக வைத்துப் பார்த்தார்.