எஸ்தர் மேடத்தின் கைபேசிக்கு வந்த எண்

அன்று காலை நூலகத்தைத் திறந்து, கணினியைப் போட்டு, பழைய நாளிதழ்களைப் பார்க்கும் பக்கத்தில் 'எண் அனுப்பு' என்பதை அழுத்திவிட்டுக் காத்திருந்தேன். தினமும் நடப்பதுபோல என் கைபேசி அடித்தது. குரல்தான் வேறு. எஸ்தர் மேடத்தின் கணவர் தாஸ் அண்ணன். "தம்பி, நம்பர் வந்துக்கீது, எழுதிக்கோ" என்று ஒவ்வோர் இலக்கமாக நிதானமாகப் படித்தார். நான் எழுதி முடிக்கிறவரை பொறுத்திருந்துவிட்டு, "எஸ்தரு விடியகாலைல போயிட்டாபா" என்றார்.

எதிரில் சரோஜா அம்மா உட்கார்ந்திருந்தார். பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவர். வீட்டுப் பத்திரம் தொலைந்துவிட்டதாக ஒரு காலத்தில் நாளிதழில் அறிவிப்புக் கொடுத்திருக்கிறார். அந்தப் பக்கம் கிடைத்தால்தான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் காரியம் நகரும். நான் செய்தியைச் சொன்னதும், "ஐயோ, அந்தம்மாவா? நீ மூடிட்டுக் கெளம்புபா, நான் இன்னொரு நாளு வரேன்" என்றார். நான் மூடவில்லை. அந்த எண்ணுக்குச் சில நிமிஷங்கள்தான் ஆயுள். தட்டினேன், தேடினேன், பக்கத்தை அச்செடுத்து அவர் கையில் கொடுத்தேன். அதற்கப்புறம்தான் அழுகை வந்தது.

மேடத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாகறல் பக்கத்தில் கூலி வேலை செய்த குடும்பத்திலிருந்து படித்து வந்து, எங்கள் கிளை நூலகத்தில் நூலகராக இருந்தவர். நான் அவரிடம் உதவியாளராகச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் நல்ல மழை. யார் வரப்போகிறார்கள் என்று மெத்தனமாக வந்து சேர்ந்தேன். மேடம் எனக்கு முன்பே வந்து பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மழை வந்தா சீக்கிரம் தொறக்கணும்பா. தறிக்குழில ஈரம் ஏறிட்டா பாவு ஓடாது. நெசவுக்காரங்களுக்கு லீவு மழைதான்" என்றார். சொன்னபடியே கூட்டம் வந்தது. உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே படித்தார்கள்.

பிறகு கணினிக் காலம் வந்தது. கட்டி வைத்திருந்த பழைய நாளிதழ்த் தொகுதிகளை எல்லாம் ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பித் தருவதாகச் சொல்லி மேலலுவலகத்து ஆட்கள் வண்டியில் ஏற்றிப் போனார்கள். திரும்பி வரவில்லை. கேட்டதற்கு, இடமில்லாததால் கழித்துவிட்டோம், இனி எல்லாம் இணையத்தில் இருக்கிறது என்று பதில். மேடம் அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. "இருக்குதுன்னு சொல்றாங்க. பூட்டு போட்டு வெச்சிக்கினு இருக்குதுன்னு சொன்னா அது என்னா இருக்கறது?" என்றார்.

பூட்டு என்றது ஓடிபியை. எங்கள் நூலகத்துக்கென்று ஒரே ஒரு கணக்கு. ஒவ்வொரு முறை திறக்கவும் பதிவான கைபேசிக்கு ஓர் எண் வரும். பதிவு செய்ய வந்த பையன் அலுவலகத் தொலைபேசியைக் கேட்டான். அது எப்போதோ செத்துப்போயிருந்தது. சரி, போடுபா என்று மேடம் தன் எண்ணைக் கொடுத்தார். எங்கள் ஊர்க்காரர்கள் செய்கிற தவறு இது. அவசரத்துக்கு யாரோ ஒருவர் தோள் கொடுப்பார், அதுவே நிரந்தரமாகிவிடும்.

அப்புறம் அவர் ஓய்வு பெற்றார், எண் ஓய்வு பெறவில்லை. மாற்றித் தரும்படி நான் எழுதிய மனுக்களுக்கு எல்லாம் 'பரிசீலனையில் உள்ளது' என்பதே பதில். எனக்கு எழுதி எழுதி அலுத்துவிட்டது. மேடத்துக்கு அலுக்கவில்லை, அல்லது அலுத்ததைச் சொல்லவில்லை. தேவாலயத்திலிருந்து, "ஜெபம் நடக்குது, எழுதிக்கோ" என்று கிசுகிசுப்பார். கல்யாண வீட்டில் மேளச் சத்தத்துக்கு நடுவே கத்துவார். ஒரு கூட்டத்தில் மேலதிகாரி ஒருவர், ஓடிபியை யாரிடமும் சொல்லக்கூடாது தெரியாதா என்று என்னைக் கடிந்துகொண்டார். மேடத்திடம் போய்ச் சொன்னேன். சிரித்துவிட்டார். "பேங்க்ல சொல்லக்கூடாதுபா. நூலகத்துல சொல்லலன்னா அப்புறம் நம்மள எதுக்கு வெச்சிக்கிறாங்க?"

சிறுநீரகம் கெட்டு, வாரந்தோறும் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்திகரித்து வந்த நாட்களிலும் அழைப்பு நிற்கவில்லை. மூச்சு வாங்கும். இரண்டு இலக்கம் சொல்வார், நிறுத்துவார், மிச்சத்தைச் சொல்வார். வேண்டாம் மேடம், இன்று கணினி ஓடவில்லை என்று சொல்லிவிடுகிறேன் என்றேன். "பொய் சொல்லாத. அங்க யாரோ ஒக்காந்துக்கினு இருக்காங்க இல்ல?" என்றார். இருந்தார்கள். எப்போதும் யாராவது இருந்தார்கள்.

அவர் போனதை எழுதி அனுப்பியதும் மனு நகர்ந்தது. உயிரோடு இருந்தவருக்குக் கிடைக்காத உத்தரவு உடனே கிடைத்தது. கோபப்படக்கூடத் தெம்பில்லை எனக்கு. என் எண்ணைச் சேர்க்க வேண்டுமானால், பழைய எண்ணுக்குக் கடைசியாக ஓர் ஓடிபி வருமாம். நேற்று மாலை அவர் வீட்டுக்கே போனேன். மாலை போட்ட படத்துக்குக் கீழே கைபேசி சார்ஜில் இருந்தது. தாஸ் அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். நான் தட்டினேன். எண் மாறிவிட்டது.

"அப்ப நாளைக்கு இதுல வராதா?" என்று கேட்டார்.

"வராதுண்ணே. இனிமே எனக்கு வந்துடும். உங்களுக்குத் தொந்தரவு இல்ல."

கைபேசியை உடனே கீழே வைக்கவில்லை அவர். "காலைல இது சத்தம் போட்டா, அவளுக்கு இன்னும் வேலை இருக்குதுன்னு தோணும்பா. அதான் கேட்டேன்" என்றார். காப்பி குடித்துவிட்டுப் போ என்றார், குடித்தேன்.

இன்று காலை எண் என் கைபேசிக்கே வந்தது. வாசகர்களுக்குப் பக்கத்தைத் திறந்து கொடுத்துவிட்டு, வெளியே வந்து தாஸ் அண்ணனை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். "எழுதிக்கோ" என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "சாப்டீங்களாண்ணே?" என்று கேட்டேன்.

மேடம், அண்ணனை நாளையும் அழைப்பேன். நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள்.